லைட்வெயிட்டில் யார் முதலிடம்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய இளைஞன் என் எதிரே உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, நண்பனிடம் கூண்டுச் சண்டை வீரர்களை எடைப்பிரிவு வாரியாக வரிசைப்படுத்தினான்.

"லைட்வெயிட்ல ரஷ்யாக்காரன்தான் ஃபர்ஸ்ட். உன் பிரேசில்காரன் பத்துக்குள்ளயே வரமாட்டான்."

"சரி மச்சான்."

"இன்னாடா சரின்ற? ஞாயித்துக்கிழமை ஃபைட் பாக்க சர்ச்சுக்கே டிமிக்கி குடுத்தவன்டா நீ. சண்டை போடுடா!"

"நீ சொன்னா கரெக்டாதான் இருக்கும்."

பல்லாவரம் வந்ததும் இளைஞன் போனை வாயருகே கொண்டுபோனான்.

"அப்ப பிரேசில்காரனையே ஃபர்ஸ்ட் போட்டுரட்டா?"

"போடு மச்சான். அவன அடிக்க ஆளே இல்ல."

"அவன் ஃபைட்ட விட்டே ஒரு வருஷம் ஆச்சுடா. நீ இப்பல்லாம் பாக்கறதே இல்லல்ல?"

மறுமுனையில் ஒரு குழந்தை அழுதது.

"பாப்பா எழுந்துட்டா. அப்புறம் பேசட்டா?"

"சரி மச்சான்" என்றான் இவனும்.