பொடக்காலி வீட்டுக்கு ஒரு கதவு எண்

ஆரவாரம் இல்லாமல் அலுவல் பார்த்து, இந்த அவைக்கும் தலைமையேற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் கயல்விழி அவர்களே! வெயிலைப் பொருட்படுத்தாமல் வேப்பமர நிழலில் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு ஊர்க்காரியம் கேட்க வந்த தாய்மார்களே! தறிச்சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகி, மைக்கே தேவைப்படாத என் வார்டுச் சொந்தங்களே! உங்கள் உறுப்பினன் மதியழகனின் பணிவான வணக்கம்.

இன்றைய பகுதி சபையில் ஒரே ஒரு தீர்மானம்தான். வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் சிறு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோமே, அவற்றுக்குத் தனிக் கதவு எண் தரப்போகிறோம். தெருவுக்கு வர மூன்றடி அகலத்தில் தனிவழி வேண்டும் என்பதே நிபந்தனை. வழியில்லாத வீட்டில் தை மாதத்துக்குப் பிறகு எவரும் குடியிருக்க முடியாது.

இத்தனை நாளும் முன்வீட்டு நடை வழியாகத்தானே போய் வந்தார்கள், இப்போது மட்டும் எதற்குத் தனிவழி என்று சென்றாயன் அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்வி, அண்ணா. அதற்குப் பதில் என் குற்றத்தில் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

நினைவிருக்கிறதா அந்த ஊரடங்கு? பேருந்து ஓடாத சாலை, பெட்டிக்கடை திறக்காத காலை, தறி நின்றுபோன தெரு! அன்று நான் உறுப்பினன் இல்லை, வெறும் தன்னார்வலன். தெருவில் எத்தனை குடும்பம் என்று பட்டியல் எடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கதவைத் தட்ட அஞ்சிய காலம் அல்லவா? விடியற்காலையில் சைக்கிளில் போய் வாசல் கோலங்களை எண்ணினேன். ஒரு வாசல், ஒரு கோலம், ஒரு குடும்பம்! ஆகா, என்ன மூளை என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா வாசலிலும் ஒரு கோலம் இருந்தது, ஒரு குடும்பம் என்று எழுதினேன். ஆனால் அந்த வாசலுக்குச் சொந்தக்காரிகள் இரண்டு பேர்! அக்காவின் பொடக்காலி வீட்டில் தையல்காரர் சகாயம்மாள், மகள் ஜெர்லினோடு குடியிருந்தார். வாரத்தில் நான்கு நாள் அக்கா கோலம் போடுவார், மூன்று நாள் சகாயம்மாள் போடுவார். அதில் சிலுவையும் இல்லை, சூலமும் இல்லை. புள்ளி மட்டும்தான்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலைக்கு வடக்கே போயிருந்த அக்காவின் மகன் பிரபா, காய்ச்சலோடு திரும்பி வந்தான். வாசலில் தகரம் அடித்தார்கள். என் பட்டியலின்படி அந்த வீட்டில் ஒரே குடும்பம், அக்காவும் பிரபாவும். எனவே இரண்டு பேருக்கே சாப்பாடு போயிற்று. பின்னால் இன்னும் இரண்டு வயிறு இருந்தது பக்கத்து வீட்டுக்காரன் எனக்குத் தெரியும், என் பட்டியலுக்குத் தெரியுமா? கோலத்தை எண்ணியவன் அதை யோசிக்கவே இல்லை. இரண்டு பேர் சோற்றை நான்காகப் பங்கிட்டு, அக்கா பொடக்காலிப் படியில் வைத்துவிட்டு விலகி நின்றிருக்கிறார். எட்டு நாள்! ஒன்பதாம் நாள்தான் என் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சகாயம்மாளின் குரல் வந்தது.

"ஏனுங்க, நாங்களும் இங்கதானுங்க இருக்கறோம்."

அந்த ஒரு வார்த்தையில் நான் கூனிக் குறுகிப் போனேன். அன்றிலிருந்து என் வீட்டுச் சோறு மதில் தாண்டியது.

பிறகு கடைகள் திறக்கலாம் என்றார்கள். முகக்கவசம் இல்லாமல் திறக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். கவசத்துக்கு எங்கே போவது? ஜாக்கெட் துணி மிச்சத்தில் சகாயம்மாள் தைத்துக் கொடுத்தார். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, மதிலுக்கு மேலே கூடை கூடையாக நான் வாங்கினேன். மளிகைக் கடைக்கு மஞ்சள், சலூனுக்குச் சிவப்பு, டீக்கடைக்குப் பூப்போட்டது! பூப்போட்ட கவசத்தோடு மீசைக்கார மாஸ்டர் ஆற்றித் தந்தாரே முதல் டீ, அந்த ருசி இன்னும் என் நாக்கில் நிற்கிறது. அந்த நாள்களை நினைத்தால் மனம் ஏங்குகிறது, அன்பர்களே. நோய்க்காகவா? இல்லை. மதிலுக்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் நலம் கேட்டோமே, அதற்காக.

ஆனால், சகாயம்மாளின் கடை திறந்ததா? பொடக்காலி வீட்டின் முன்னறைதான் அவர் தையல் கடை. அனுமதிப் படிவத்தில் கதவு எண் கேட்டிருந்தார்கள். 'நல்லம்மாள் ஊட்டுப் பொடக்காலி' என்று எழுதினார். படிவம் திரும்பி வந்தது. கடைவீதிக்கே கவசம் தைத்தவர், தன் கடையைத் திறக்க ஐந்து மாதம் காத்திருந்தார்!

இனி எவருக்கும் இது நேரக்கூடாது என்பதற்குத்தான் எண். முன்வீட்டு வாசலில் தகரம் அடித்தாலும் பின்வீட்டார் வெளியே வருவதற்குத்தான் தனிவழி.

என்னப்பா, பின்வரிசையில்? சகாயம்மாளுக்கு வழி விட என் மதில் பக்கம்தானே இடம் இருக்கிறது, ஊருக்குத்தான் உபதேசமா என்கிறாயா? சரியாகப் பிடித்தாய். மகனுக்கு அறை கட்ட அளந்து வைத்திருந்த இடம் அது. இரண்டு மாதம் யோசித்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். இன்று காலை தலைவர் அம்மையாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை என் மதிலில் கடப்பாரை விழும். மூன்றடி, தெருவரைக்கும்!

கைதட்டல் போதும், இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று மாலை அக்காவிடமும் சகாயம்மாளிடமும் இதைச் சொன்னேன். அக்காவின் முகம் வாடிப்போயிற்று.

"நல்லதுதானுங்க சாமி. ஆனா அவ தனி வாசலுக்குப் போயிட்டா, மூணு நாளு என்ற வாசல் வெறுசாக் கெடக்குமே?"

சகாயம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெடக்காதுங்கக்கா. நாலு நாளு ரண்டு வாசலுக்கும் நீங்க போடுங்க. மூணு நாளு ரண்டுக்கும் நான் வாரேன்."

ஆகவே, இனிக் கணக்கெடுக்க வரும் தம்பிமார்களே, இந்த ஊரில் கோலத்தை நம்பாதீர்கள். கதவைத் தட்டிக் கேளுங்கள். தீர்மானத்தை ஏற்பவர்கள் கையை உயர்த்துங்கள்! என் குற்றத்தையும் பொறுமையாகக் கேட்ட உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. திங்கட்கிழமை மாலை, மதில் இருந்த இடத்தில் எல்லோருக்கும் டீ. வந்துவிடுங்கள். வணக்கம்!