சந்தனம் வைத்த துப்பாக்கி

காலை மணி பத்தேகால். மகளின் அடையாள அட்டை தொலைந்ததைப் பற்றிப் புகார் கொடுக்க, கோலா சிலாங்கூர் போலீஸ் நிலையத்தில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு தோட்டத்துக் காவல்காரர். அவர் மடியில் சாக்கில் சுற்றிய பழைய துப்பாக்கி. பக்கத்தில் லைசென்ஸோடு அந்தத் தோட்டத்து அலுவலகக் கணக்கர், கிராணி.

"ஏழு தடவ சுட்டேன், கிராணி ஐயா. வெடிக்கவே இல்ல. அணிலு கொக்கோவத் தின்னுக்கிட்டே என்னையப் பாக்குது," என்றார் காவல்காரர்.

"தோட்டா பழசா?"

"புதுப் பெட்டி லா. இந்தத் தோட்டா ஓரத்துல துப்பாக்கி ஊசி ஓங்கி அடிச்சாத்தான் வெடிக்கும். ஊசித் தடம் லேசாத்தான் இருக்கு."

"இன்னிக்குச் சரியாகலன்னா மேனேஜர் தொரை ஒன்னையப் புல்லு வெட்ட அனுப்பிடுவாரு. உள்ள தோட்டா இல்லையே?"

"எடுத்துட்டேன்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறியா? அந்தப் பக்கம் திருப்புய்யா!"

திருப்பினார். குழல் எங்களைப் பார்த்தது. மகளை இழுத்துக்கொண்டு பெஞ்சின் கோடிக்கு நகர்ந்தேன்.

"எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டார் கிராணி.

"ஆயுத பூசைக்கு மறுநாள்லேருந்து. நல்லாத் தொடச்சி, சந்தனம் வச்சேன்."

"எங்க வச்ச?"

"வெளிய மட்டும் வச்சா அது என்ன பூசை? உள்ள ஊசி வரைக்கும் வச்சேன்."

கிராணி தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து நாற்பதுக்கு, துப்பாக்கிகளைக் கவனிக்கும் தமிழ் சார்ஜண்ட் வந்தார். கிராணி நடந்ததையெல்லாம் சொன்னார். சார்ஜண்ட் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முகர்ந்து பார்த்தார். காய்ந்த சந்தனம் அவர் நகத்தில் பெயர்ந்து வந்தது.

"காவல் வேல போவாது, பயப்படாத. மண்ணெண்ணெயில கழுவினா வெடிக்கும். அடுத்த வருசம் மரப்பிடியில மட்டும் பொட்டு வை. சாமி பிரிச்சிப் பாக்காது."