ஏழு டப்பா பிஸ்கட் யார் யாருக்குப் போனது என்பது குறித்து

என் பெயர், அப்பா பெயர், கதவு எண் ஆகியவை அதிகாரி மேலே எழுதிக்கொண்டபடி சரியே. வயது பதினாறு. தெருவிலும் வேலை செய்யும் இடத்திலும் என்னைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வருவதும் போவதும் யாருக்கும் கேட்பதில்லை என்பதால் அந்தப் பெயர் வந்தது. அப்பா இறந்த பிறகு ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கடைத்தெருவில் உள்ள பேக்கரியில் வேலை செய்துவருகிறேன். நான் சிறு பெண் என்பதால் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்தார்கள்.

எங்கள் வீட்டின் பின்புறத்தை ஒட்டி இருப்பது அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பாவின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு ஒரு சந்தும், சந்துக்கு அந்தப்பக்கம் ஒரு குட்டிச்சுவரும் உண்டு. எங்கள் சமையலறைக்கு இருக்கும் ஒரே ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். சந்து தன்னுடையது என்றும் அதில் குளியலறை கட்டப்போவதாகவும் பெரியப்பா சொன்னார். கட்டினால் ஜன்னல் அடைபட்டுவிடும் என்று அம்மா சொன்னார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எங்களோடு யார் பேசினாலும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று பெரியப்பா தன் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அக்காவின் வீட்டுக்காரர் வெளியூரில் வேலை செய்வதால், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் உடன் இருந்ததும் நாங்கள்தான். ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே சாயங்காலம் வரை காத்திருந்தார். இஸ்திரி போடுகிறவர் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா சோறு கொண்டுவந்தார். ஒரு நர்ஸ் அம்மாவைக் கை பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேக்கரி முதலாளி நான் கேட்காமலே விடுமுறை கொடுத்தார். இன்னும் ஒருவர் உதவினார். அவரைப் பற்றி அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அக்காவும் குழந்தையும் வீட்டுக்கு வந்த பிறகு, உதவியவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அம்மா சொன்னார். "கடையில வாங்கிக் குடுத்தா கணக்கு தீர்த்த மாதிரி இருக்கும்டி, நீயே உன் கையால போட்டுக் குடு" என்றார். அதன் பிறகு நான் முதலாளியிடம் கேட்டு, ரொட்டி எடுத்து முடிந்ததும் ஆறுகிற அடுப்பில் எங்கள் வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் போட்டு பிஸ்கட் செய்தேன். பேக்கரியில் காலியாகக் கிடந்த ஏழு தகர டப்பாக்களை முதலாளியே எடுத்துக் கொடுத்தார். அந்த அடுப்பில் பின்பக்கம் சூடு அதிகம். பாதியில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். கடைசித் தட்டைத் திருப்ப வேண்டிய நேரத்தில் ஒருவர் கேக் விலை கேட்க வந்தார். எல்லாக் கேக்கின் விலையும் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் எதையும் வாங்காமல் போன பிறகு தட்டை எடுத்தேன். பின்வரிசை அடியில் கருகியிருந்தது.

ஆறு டப்பாவில் நல்லதை அடுக்கினேன். கருகியதை ஏழாவது டப்பாவில் போட்டு வீட்டுக்கென்று வைத்தேன்.

அடுத்த நாள் அந்தச் சந்தை அளப்பதற்கு சர்வேயர் வந்தார். அவர் வரப்போவது எங்களுக்குத் தெரியாது. பெரியப்பா கொடுத்த மனுவின் பேரில்தான் வந்திருந்தார். தனியாக வந்ததால் டேப்பின் ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு மறு முனைக்குப் போவதும், ஆணி கழன்று டேப் விழுவதும், திரும்பி வருவதுமாக இருந்தார். வெயிலில் சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. அம்மா டீ போட்டு, "டீயும் பிஸ்கட்டும் கொண்டு போய்க் குடுடி, வேலை செய்யற மனுஷன்" என்றார். நல்ல டப்பாக்கள் ஆறும் காலையிலேயே போய்விட்டன. கருகிய டப்பாதான் இருந்தது. கருகலைக் கத்தியின் பின்புறத்தால் முடிந்தவரை சுரண்டி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கினேன். டீயைப் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். டப்பாவோடு அவர் எதிரில் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அளந்து முடித்து, இரண்டு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி, வண்டியைக் கிளப்பும் வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். "போடி, வண்டி போயிடும்" என்று அம்மா முதுகில் தள்ளிய பிறகுதான் தெருமுனைக்கு ஓடிப் போய்க் கொடுத்தேன். வழியில் யாராவது திறந்து காட்டச் சொல்வார்களோ என்று டப்பாவைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு போனேன். அதைப் பெரியப்பா மொட்டை மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்.

அளவையின்படி சந்து எங்கள் பக்கம் வந்தது. அதன் பிறகு, டப்பாவில் பணம் வைத்து சர்வேயருக்குக் கொடுத்துவிட்டோம் என்று பெரியப்பா புகார் கொடுத்தார். சர்வேயரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும், புகார் உண்மையானால் அவர் வேலையே போய்விடும் என்றும் அதிகாரி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இன்று எங்களை விசாரணைக்கு அழைத்ததால் வந்தோம். சர்வேயர் சுவரோரம் நின்றிருந்தார். பெரியப்பா நாற்காலியிலும், அவர் சாட்சி சொல்ல அழைத்துவந்திருந்த பெரியம்மா வாசல் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். சர்வேயர் வீட்டிலிருந்து எடுத்துவந்த டப்பா மேசைமேல் இருந்தது. அதில் மீதி நாலு பிஸ்கட் கிடந்தது. அதிகாரி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதையா குடுத்தே? இதைத் தின்னவன் உங்க இடத்தைச் சேத்து எழுத மாட்டானே, இருக்கறதையும் பிடுங்கிட்டுல்ல போவான்" என்றார். ஒரு காவலர் சிரித்தார். சர்வேயர், "அடியில கருப்பு எள்ளு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன், ஐயா. நல்லாத்தான் இருந்தது" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதன் பிறகு பெரியப்பா, "இது கண்துடைப்பு. ஏழு டப்பா எடுத்ததா பேக்கரிக்காரரே சொல்றாரு. அஞ்சு பேருக்குக் குடுத்தது விசாரிச்சாச்சு. இவருகிட்ட ஒண்ணு. ஏழாவது எங்க? பணம் இருந்த டப்பாவை ஒளிச்சிட்டு இதைக் கொண்டாந்து வச்சிருக்காரு" என்றார். அதிகாரி என்னிடம் ஏழாவது டப்பா யாருக்குப் போனது என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அம்மா என் தொடையில் கிள்ளினார். சர்வேயர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு ஒன்றின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் சொன்னேன்.

நான் சொன்னது அதிகாரிக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா, பேனாவுக்குக் கேக்கணும்" என்றார். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வாசல் பெஞ்சிலிருந்து பெரியம்மா எழுந்து வந்து, "எனக்குத்தாங்க குடுத்தா" என்றார்.

"உனக்கா? எதுக்கு?" என்று பெரியப்பா கேட்டார்.

அக்காவுக்கு வலி எடுத்த அன்று பெரியம்மாவும் எங்களோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் அவருக்கான டப்பாவைக் குட்டிச்சுவரில் செங்கல் விழுந்த ஓட்டை வழியாகக் கொடுத்தேன். இதைச் சொன்னால் பெரியப்பா அவரை என்ன செய்வாரோ என்று பயந்துதான் முதலில் சொல்லவில்லை.

"அப்ப பல்லு புடுங்கலையா நீ? காட்டினியே!" என்றார் பெரியப்பா.

"அது போன வருஷம் விழுந்த பல்லு. நீங்க எங்க என் வாயைப் பாத்தீங்க" என்றார் பெரியம்மா. அதன் பிறகு அதிகாரியைப் பார்த்து, "டப்பா என் அரிசிப் பானைக்குள்ள இருக்குங்க, ஆள் அனுப்பிப் பாருங்க. பாதியை இவருதான் தின்னாரு. கடையில வாங்கினேன்னு சொன்னேன். இந்தக் கடைக்காரன் கைப்பக்குவமே தனி, எந்தக் கடைன்னு கேட்டு இன்னும் ரெண்டு கிலோ வாங்கி வையின்னாரு" என்றார். பெரியப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். காவலர் ஒருவர் போய் அரிசிப் பானையிலிருந்து டப்பாவை எடுத்துவந்தார். அதில் இருந்தது கருகாத பிஸ்கட். பணம் எதுவும் இல்லை.

அதன் பிறகு அதிகாரி எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் பெரியம்மா பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று இருந்தது. குழந்தை பிறக்கும் வரை அவர்தான் உள்ளே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அம்மா மயங்கிவிட்டதால் உள்ளே போனது அவர்தான், குழந்தையை முதலில் வாங்கியதும் அவர்தான் என்று எழுதச் சொன்னேன். வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அதிகாரி சொன்னார். கையெழுத்துப் போட நீட்டிய பேனாவை நான் வாங்கவில்லை. "பூனைன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அதையும் எழுதினார். மறுபடி வாசித்தார். பெரியப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார்.

மேலே உள்ளது யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் பயந்து மறைக்காமல் நான் சொன்னது. வாசிக்கக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)