நாற்பத்திரண்டு வரிகள்

ஆட்களோடு கதைக்கக் கூச்சம் என்பதால்தான் நான் கணினி வேலைக்கு வந்தேன். பௌதிகவியலில் பட்டம் பெற்றவளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கும். நாற்பது முகங்கள் என்னையே பார்க்கும் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்டேன்.

ஹியூபேட் அங்கிள், இணையத்தளம் மாறியபோது என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். காணாமல்போனவர்களுக்காக அந்தத் தளத்தைத் தொடங்கியவர் நீங்கள். ஆனால் அதன் உள்வேலை உங்களுக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்தோம். துண்டுப்பிரசுரத்தில் படமும், தளத்தின் முகவரியும், அதன் முடிவில் அந்த இலக்கமும் இருக்கும். தொலைபேசி இலக்கம் போடுவதில்லை. போட்டால் கப்பம் கேட்கிறவர்கள்தான் அழைப்பார்கள். உண்மையில் கண்டவர்கள், யாரோ ஒட்டுக்கேட்பதாகப் பயந்து அழைக்கமாட்டார்கள். நெட் கஃபேயில் இருந்து அந்தப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுவது அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. பின்பு தளத்தின் பக்கங்களை இலக்கத்துக்குப் பதில் பெயர்வாரியாக மாற்றினோம். பிரசுரங்களோ ஏற்கெனவே ஊரெல்லாம் போய்விட்டன. பழைய இலக்கத்தோடு வருகிறவரை உரிய பக்கத்துக்குத் திருப்பிவிட ஆளுக்கொரு வரி எழுதினேன். நாற்பத்துமூன்று வரிகள். பதினேழாம் இலக்கம் ஒஸ்வால்ட். பஸ் தரிப்பில் நின்றவரை வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போனது.

அவரின் தாய் இமெல்டா அன்ரி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி, நாள்தோறும் நான்கு மணிக்கு வெள்ளவத்தையில் என் அறைக்கு வருவார். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயில் வாசலில் பிரசுரம் கொடுத்துவிட்டு நேரே வருவார்.

“மகள், ஏதும் வந்ததோ?”

“இல்லை அன்ரி.”

“வடிவாப் பார்த்தியோ? உன்ர மெஷினும் எங்கட தபால்காரன் மாதிரித்தான். குடிச்ச நாளில எங்கட வீட்டைத் தாண்டிப் போயிடுவான்.”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பிறகு கதிரையில் இருந்து கணினியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை இல்லாவிட்டாலும் நான் எதையாவது தட்டுவேன். ஐந்தரைக்குப் போவார். இப்படிப் பதினொரு மாதம்.

ஆவணியில் யாரோ, பொரளைச் சந்தியில் ஒஸ்வால்ட் கொத்துரொட்டி சாப்பிடக் கண்டதாக எழுதினார். அன்ரி மூன்று நாள் அந்தச் சந்தியில் நின்றார். மூன்றாம் நாள் விழுந்தார். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. நான் பார்க்கப் போனபோது கட்டிலில் கிடந்தபடி, “வேற ஏதும் வந்ததோ?” என்றார்.

2007 புரட்டாதியில் தளத்தை வைத்திருந்த பழைய ஹோஸ்டிங் கம்பனி மூடப்போவதாக அறிவித்தது. தளத்தைப் புதிய கம்பனிக்கு மாற்றினேன். பக்கங்கள் அப்படியே போய்விடும். திருப்பிவிடும் வரிகளை மட்டும் கையால் எழுத வேண்டும். இரண்டு கம்பனிகளும் அவற்றை வேறு வேறு விதமாகக் கேட்டன. பதினாறுவரை எழுதினேன். அடுத்ததாகப் பதினெட்டை எழுதினேன்.

களைப்பில் தவறியது என்று சொல்லலாம். நீங்களும் நம்புவீர்கள். ஆனால் பரிசோதனை முடிவை மாற்றி எழுதக்கூடாது என்றுதான் எனக்குக் கற்றுத்தந்தார்கள். பொய்ச் செய்திகள் வராவிட்டால் அன்ரிக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இல்லாத பக்கத்தைத் தேடி வந்தவர்களின் பதிவையும் புதிய கம்பனி வைத்திருக்கும். புதன்கிழமை பார்த்தேன். பதினேழைத் தேடி யாரோ ஐந்து முறை வந்திருந்தார். வியாழன் ஏழு முறை. இலக்கத்துக்கு முன்னால் ஒரு பூச்சியம் போட்டுப் பார்த்திருந்தார். பிறகு இடைவெளி விட்டுப் பார்த்திருந்தார். தட்டச்சுப் பழக்கமில்லாதவர். வேடிக்கைக்கு எழுதுகிறவர்கள் இரண்டாம் நாள் வருவதில்லை. அது எனக்குத் தெரியும்.

விடுபட்ட வரியைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். சேர்த்தால் செய்தி வரும். வந்தால் அன்ரியிடம் நான்தான் சொல்ல வேண்டும். அவர் என் கையைப் பிடிப்பார், அழுவார், எங்காவது கூட வரச் சொல்வார்.

வெள்ளி மூன்றே முக்காலுக்கு அந்த ஆள் மறுபடி பதினேழைத் தேடினார். நான் பதிவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு அன்ரி வந்து கதிரையில் இருந்தார். அன்ரி இருக்கும்போதே அந்த ஆள் இன்னும் இரண்டு முறை தேடினார். சனிக்கிழமை எவரும் தேடவில்லை.

போன கிழமை, துறைமுகத்தில் வேலை செய்யும் பீற்றர் உங்களிடம் வந்தார். ஒருகொடவத்தையில் ஒரு பழைய ஸ்டோரில் அடைத்துவைத்திருந்த ஒஸ்வால்டை உயிரோடு கண்டாராம். “நோட்டீசில இருந்த இலக்கத்தை மூண்டு நாளா அடிச்சுப் பார்த்தனான் அங்கிள், விரல்தான் நொந்தது, அந்தச் சனியன் திறக்கேல்ல” என்றாராம். வெள்ளி இரவு வான் வந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. எங்கே என்று எவருக்கும் தெரியாது. நேரத்தோடு செய்தி வந்திருந்தால் நீங்கள் ஃபாதரையும் லோயரையும் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். அப்படிப் போய் இரண்டு பேரை மீட்டிருக்கிறீர்கள்.

பதினேழாம் வரியை நான் தெரிந்தே விட்டேன். அவர் தேடுவதைக் கண்டும் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதிவை அழித்துவிட்டு வரியைச் சேர்த்தேன். இப்போது எல்லாம் சரியாக வேலை செய்கிறது. நீங்களே அடித்துப் பார்க்கலாம்.

இன்றைக்கும் நான்கு மணிக்கு அன்ரி வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். ஏதும் வந்ததோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவரிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.