முள் பதினெட்டில் நின்றது

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் காற்று அளக்கும் கேஜ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கார் சாமான் கடைக்குப் போய் ஏமாறுகிறார்கள். கார் கேஜில் முள் நூறு வரை ஓடும். மலைச் சைக்கிளின் டயரில் இருப்பதோ இருபது, இருபத்தைந்து பவுண்டு. அந்த முள் அதற்குச் சோம்பல்கூட முறிக்காது. ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. முப்பதோடு முடிகிற கேஜாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நான் அப்படித்தான் வாங்கினேன். பேட்டரியில் ஓடுகிறவற்றை முதலிலேயே ஒதுக்கினேன். குளிரில் பேட்டரி படுத்துவிட்டால் உச்சியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். சட்டைப் பையில் அடங்க வேண்டும். வால்வைக் காற்று கசியாமல் கவ்வ வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்க ஒரு பொத்தான் வேண்டும். கடைக்காரர் எடுத்துப் போட்டதை எல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ நோண்ட மாட்டான் தம்பி" என்றார்.

நல்ல மனிதர். அவரை நேற்றிலிருந்து இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அவர் விற்ற கேஜ் தப்பாகக் காட்டியதால்தான் என் அக்கா புருஷன் செத்தார் என்று, கூடச் சைக்கிள் ஓட்டும் கோஷ்டி புகார் கொடுத்திருக்கிறதாம். கேஜ் தப்பாகக் காட்டவில்லை. நீங்களே யாரிடமாவது கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

தப்பாகக் காட்டியது பழைய கேஜ். கல்யாணமான புதிதில் அக்கா வாங்கிக் கொடுத்தது. அத்தான் வேலை செய்யும்போது அதைப் பல்லில் கடித்துக்கொள்வார். முடிந்ததும் எச்சில் ஒழுக ஒழுகச் சாப்பாட்டு மேஜையில் வைப்பார். வால்வில் காற்று கசிகிறதா என்று பார்க்க நாக்கில் தொட்டு எச்சிலைத் தடவுவார். எல்லாவற்றுக்கும் அவருக்குக் கட்டைவிரல்தான். டயரை அமுக்குவதும் அதுதான், செருப்புச் சேற்றை வழிப்பதும் அதுதான், தட்டை வழித்து நக்குவதும் அதுதான். இடையில் தண்ணீர் படாது. சேறு சொட்டும் சைக்கிளை என் அறையில்தான் நிறுத்துவார். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன், சிலிண்டர் நிரப்பும் ஆலையில் இரவு வேலை, அவர்கள் வீட்டில் ஒண்டியிருந்தவன்.

"பகல்ல தூங்கறவனுக்கு ஜன்னல் எதுக்கு மாப்ள? வண்டிக்காவது வெளிச்சம் படட்டும்" என்பார்.

அக்கா சிரிப்பாள்.

ஆலையில் மற்ற கேஜ்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு கேஜ் உண்டு. ஒருநாள் அக்கா அத்தானின் கேஜை என்னிடம் கொடுத்து, "மலைக்கெல்லாம் போறாருடா, சரியா இருக்கான்னு ஒருதடவ பாத்துட்டு வாயேன்" என்றாள். துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். டயரில் உண்மையாக இருபத்தைந்து இருந்தால் அது பதினெட்டு என்று காட்டியது. எத்தனை தடவை வைத்தாலும் அதே பதினெட்டு.

சரியாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். ஒரு விதத்தில் அது உண்மையும்கூட. எப்போதும் ஒரே அளவு தப்பும் கேஜால் கெடுதல் இல்லை. சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முன்னே ஓடுவது தெரியாமலே அதைப் பார்த்துத் தினமும் பஸ் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. யாராவது கடிகாரத்தைத் திருத்தி வைத்தால்தான் பஸ் போய்விடும். அத்தானுக்குப் பதினெட்டுதான் ராசியான எண். அவர் நூறு கிலோ ஆள், அந்த எடைக்கு உண்மையான பதினெட்டு போதாது, வளைவில் டயர் கழன்றுவிடும். இருபத்தைந்தில் ஓடிக்கொண்டு பதினெட்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு வேறு யோசனை இல்லை. பிறகு ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். சமையலறையில் அத்தான் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து அக்காவுக்கு ஊட்டினார். அந்தக் கட்டைவிரல் அவள் உதட்டில் பட்டது. நகத்துக்கு அடியில் கறுப்பு. அவள் முகம் சுளிப்பாள் என்று நின்று பார்த்தேன். அவள் விரலைச் செல்லமாகக் கடித்தாள். நான் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அந்த வாரம் பழைய கேஜைச் சாக்கடையில் போட்டேன். வீடு முழுக்கத் தேடினார்கள். "வாய்க்குள்ள போயிருக்கும், வயித்தைத் தட்டிப் பாருங்க" என்று அக்கா கேலி செய்தாள். நான் புதியது வாங்கிக் கொடுத்தேன். அத்தான் என்னைக் கட்டிக்கொண்டார். சட்டையை ஊறப்போட வேண்டியதாயிற்று.

அவர் செத்த அன்று எனக்கு வார ஓய்வு என்பதால் சைக்கிள்களை ஏற்றிய வண்டியை நான்தான் ஓட்டினேன். வீட்டில் டயரைக் கல்லாக அடித்துக்கொண்டு போய், உச்சியில் வேண்டிய அளவுக்கு இறக்குவது அவர்கள் வழக்கம். அத்தான் கேஜை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். முள் பதினெட்டில் நின்றது. பிறகு கட்டைவிரலால் டயரை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார்.

"என்ன மாப்ள, தொளதொளன்னு இருக்கு?"

"முள்ளு என்ன சொல்லுது?"

"பதினெட்டு."

"எப்பவும் எவ்ளோ வெப்பீங்க?"

"பதினெட்டுதான்."

"அப்புறம் என்ன அத்தான்? கேஜ் பெருசா, உங்க கட்டைவிரல் பெருசா?"

கோஷ்டி சிரித்தது. "அந்த விரல வெட்டி மியூசியத்துல வெச்சிரலாம்டா, எடைக்கல்லு மாதிரி" என்றான் ஒருவன். அத்தானும் சிரித்தார். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அவர் விரல் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அங்கே அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மூன்றாவது வளைவில் சாய்த்தபோது முன் டயர் சக்கரத்தின் விளிம்பை விட்டுக் கழன்றது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான்தான் முதலில் இறங்கிப் போனேன். பஞ்சரை அடைக்க டயருக்குள் ஊற்றும் பால் போன்ற பசை அவர் முகமெல்லாம் தெறித்திருந்தது, ரத்தத்தோடு குழைந்து. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பிடித்திருக்கலாம். அந்தக் கை எங்கெல்லாம் பட்டது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் மேலேறி வரும்வரை பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வருவதற்குள் கை விழுந்துவிட்டது.

பழைய கேஜைத் தொலைத்தது நான். அவர் எண் பொய் என்று தெரிந்தும் சொல்லாதது நான். விரலை நம்பவிடாமல் சிரிக்க வைத்தது நான். எல்லாம் அக்காவுக்காகத்தான், அவளுக்கு அந்த வீட்டில் சுத்தமாக ஒரு வாய்ச் சாப்பாடு கிடைக்க வேண்டாமா? கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். கடைக்காரரை அனுப்பிவிடுங்கள்.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பி பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது ஓட்டைச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றதை எல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். கேஜில் ஒரு குறையும் இல்லை என்பதை மட்டும் முதலில் போய் அவளிடம் சொல்லிவிடுங்கள். என்னைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகக் கூடாது.