ஓய்வு நாளில் வந்த புறா

புறாவுக்கு ஈரப் பட்டாணி போடக்கூடாது. வயிறு ஊதிக்கொள்ளும். எனக்கு இதைச் சொன்னவள் என் மனைவி லவ்டே. எங்கள் புறாக்கள் ஆறும் அவள் கையில் வளர்ந்தவை. இப்போது அவற்றுக்கு யார் தீனி போடுகிறார்கள் என்று காவலரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

நீதிமன்றத்துக்கு நீங்கள் டச்சில் எழுதிக்கொள்ள வேண்டியிருப்பதால் நிதானமாகவே சொல்கிறேன், குமாஸ்தா ஐயா. பெயர் எலைஷா ராஸ்கில்லி. பிறந்த மண் கார்ன்வால். இந்தப் பார்பர்ட்டன் தங்கவயலில் பங்குத் தரகு. வயது நாற்பத்தொன்று. மெதடிஸ்ட் சபை. ஞாயிறு ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவன் நான்தான். நல்ல குரல் உள்ளவனை ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்வது?

இரண்டு வருஷத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது எங்கள் சொத்து ஒரு கூடாரம், ஒரு வாணலி, லவ்டேயின் தம்பி ஜேபஸ். ஜேபஸ் பாறையைக் கையில் உருட்டிப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடுவான். ஊரிலிருந்து ஒரு நாள் நடையில், மலைக்குள், அவன் ஒரு தங்க ரேகையைக் கண்டான். நான் கம்பெனி சேர்த்தேன், பங்கு அச்சடித்தேன், சுரங்கத்துக்கு ‘லவ்டே’ என்று பெயர் வைத்தேன். அவன் அங்கே வேலையை நடத்தும் கேப்டன், நான் இங்கே தரகன். ஒரே வருஷத்தில் கூடாரம் போய்ச் செங்கல் வீடு வந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. மாட்டு வண்டியில் ஒரு பியானோ வந்தது. வழியில் நனைந்ததால் அது கடைசிவரை சரியாகப் பாடவில்லை.

பங்குச் சந்தை வாசலில் தினமும் ஒரே கேலிதான்.

“என்ன ராஸ்கில்லி, உன் பொண்டாட்டி இன்னிக்கு என்ன விலை?”

“பதினெட்டு ஷில்லிங். கிட்ட வராதே, ரொக்கத்தை எடு.”

தெருவே சிரிக்கும். ஒரு நாள் கூடையோடு அந்தப் பக்கம் வந்த லவ்டே அதைக் கேட்டுவிட்டாள். சாப்பாடு வைக்கும்போது சொன்னாள்:

“என் பேரைத் தெருவுல கூவி விக்கிறீங்க.”

“ஏறிக்கிட்டுத்தானே இருக்கு? இறங்கினா அழு.”

“ஏறுறது எறங்குறதுன்னு நான் என்ன ஏணியா?” என்றாள். அவள் அப்படித்தான். ஒரு முறை சொல்வாள், அப்புறம் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

புறா யோசனையும் அவளுடையதே. மழைக்காலத்தில் குதிரை நோய் வந்தால் இங்கே ஒரு குதிரை மிஞ்சாது. மலையில் இருக்கும் தம்பிக்குக் காய்ச்சலா, சுகமா என்று தெரியாமல் தவித்தாள். ஆறு புறாக்களை வளர்த்தாள். கூடையில் வைத்து அவனுக்கு அனுப்பினோம். அவன் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் எங்கள் கூண்டுக்கு வந்துவிடும். காலில் ஒரு துண்டுக் காகிதம். ‘மச்சான், ரேகை அகலமாகுது. மூணு பேருக்குக் காய்ச்சல். அக்காவைக் கேட்டதாச் சொல்லு.’ புறாவை அவள் பிடிப்பாள், காகிதத்தை நான் அவிழ்ப்பேன். கடைசி வரியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். என் பெயருக்கு வந்த கடிதத்தைப் பதினான்கு வருஷத்தில் அவள் ஒரு முறைகூடப் பிரித்ததில்லை.

அந்தத் துண்டுக் காகிதங்களை ஜேபஸ் பங்குதாரர் எல்லாருக்கும் சேர்த்து எழுதினான். நானும் எல்லாருக்கும் சொன்னேன். கொஞ்சம் தாமதித்துச் சொன்னேன், அவ்வளவே. நல்ல செய்தி வந்தால் முதலில் வாங்கினேன். கெட்ட செய்தி வந்தால் முதலில் விற்றேன். பிறகு பலகையில் எழுதிப்போட்டேன். முதலில் அரை மணி நேரம். போகப் போக அரை நாள். பொய் என்று ஒன்று நான் சொன்னதில்லை. சபையார் பலர் தங்கள் பங்குப் பத்திரங்களை என் இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவற்றை வங்கியில் அடகு வைத்து மேலும் லவ்டே வாங்கினேன். அதுவும் தாமதம்தான். திருப்பி வைத்துவிடுவதாகவே இருந்தேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணிக்குப் புறா வந்தது. லவ்டே பிடித்துக்கொண்டாள். நான் அவிழ்த்தேன். ஜேபஸின் எழுத்து கோணலாக இருந்தது. விடிகாலையில் சுரங்கம் இடிந்து வாய் மூடிவிட்டது. உள்ளே பதினொரு பேர். கார்ன்வால்காரர் மூன்று, இந்தப் பக்கத்து ஸ்வாசி ஆட்கள் எட்டு. உயிரோடுதான் இருக்கிறார்கள், பாறையில் தட்டினால் திருப்பித் தட்டுகிறார்கள். வெளியே காய்ச்சல் இல்லாதவர்கள் நான்கு பேர்தான். இருபது ஆளும் தாங்கு மரங்களும் உடனே வேண்டும். கீழே இப்படி எழுதியிருந்தான்: ‘நடந்து வந்து சொல்ல ஆள் அனுப்பவில்லை. இங்கே ஒவ்வொரு கையும் தோண்ட வேண்டும். உன்னிடம் சொன்னால் போதும் மச்சான்.’

“எப்படியிருக்கான்?” என்று கேட்டாள் லவ்டே.

“வேலை மும்முரமா நடக்குதாம்.”

“என்னைக் கேட்டானா?”

“கேட்டான்.”

இதில் பொய் எது என்று நீங்களே பாருங்கள். ‘கேட்டான்’ என்பது ஒன்றுதான். அவள் மனசு வாட வேண்டாமே என்று சொன்னது அது. காகிதத்தைக் கொளுத்திச் சுங்கானில் புகையிலையைப் பற்றவைத்தேன்.

சந்தைக்குப் போகும் வழியில் தச்சர் நான்ஸின் மரக்கிடங்கு. புதிதாக அறுத்த தாங்கு மரங்கள் வேலி உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வாசம் தெருவரை வந்தது.

“என்ன நான்ஸ், மரம் நிறையக் கெடக்கு?”

“எடுக்க ஆளில்லியே. உன் மச்சானுக்கு வேணுமான்னு கேளு. நாலு நாள்ல வெயில் பட்டு வெடிச்சுரும்.”

“கேக்கறேன்” என்றேன்.

சனிக்கிழமை சந்தை ஒரு மணிக்கே மூடிவிடும். இருப்பதையெல்லாம் ஒரேயடியாக விற்றால் ஊருக்கு மூக்கு வேர்த்துவிடும். சிரித்துப் பேசிக்கொண்டே மூன்றில் ஒரு பங்கைத்தான் விற்க முடிந்தது. மணி அடித்துவிட்டார்கள். மீதி திங்கட்கிழமைக்கு நின்றது. அதை விற்காவிட்டால் அடகு வைத்த பத்திரங்கள் போகும். சபையில் முப்பது குடும்பங்கள் தெருவுக்கு வரும். அந்த முப்பது குடும்பங்களை நினைத்துத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை, கடிதம் பிரிப்பதில்லை. லவ்டேயின் தகப்பனார் காலத்துச் சட்டம். கல்யாணத்தன்றே என்னிடம் வாக்கு வாங்கினாள். சபையில் நான்கு பாட்டு எடுத்துக் கொடுத்தேன். அன்று குரல் நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கூண்டின் மேல் நீலப் பேடை உட்கார்ந்திருந்தது.

“காலுல கடுதாசி இருக்குங்க.”

“இருக்கட்டும். நாளைக்குப் பாக்கலாம்.”

“ஜேபஸ் ஞாயித்துக்கிழமை புறா விடமாட்டானே. அவனும் அதே வீட்டுல வளந்தவன்தானே.”

“நேத்தே விட்டிருப்பான். பருந்துக்குப் பயந்து வழியில எங்கயாவது ஒதுங்கியிருக்கும்.”

அவள் புறாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். அதன் இறகில் ஈரம் இல்லை. சனிக்கிழமை இரவு நல்ல மழை. அதை அவள் கவனித்தாள், நானும் கவனித்தேன்.

“குழியில விழுந்த மாட்டை ஓய்வு நாள்லயும் தூக்கலாம்னு போதகர் சொல்வாரே” என்றாள்.

“எந்த மாடு? எந்தக் குழி? பதினாலு வருஷமா எனக்குச் சொல்லிக்கொடுத்த சட்டத்தை இன்னிக்கு நீயே மாத்தப்போறியா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. காகிதத்தைத் தொடவில்லை. புறாவைக் காலில் கட்டிய கடிதத்தோடு கூடையில் வைத்து, சமையலறை மேசைமேல் வைத்தாள். அன்று முழுதும் அது அங்கேயே குனுகிக்கொண்டிருந்தது. ஆறிப்போன இறைச்சியை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். ராத்திரி படுக்கப் போகுமுன் இன்னொரு முறை கூடையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். “நான் வந்து பிரிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவளை நம்பினேன். அதுதான் நான் செய்த தவறு என்று என் வக்கீலும் சொல்கிறார்.

சந்தை நன்றாகவே இருந்தது. பத்தரைக்குள் மீதியில் முக்கால்வாசி போய்விட்டது. நான்ஸ் வந்து நாற்பது பங்கு கேட்டார்.

“மகளுக்குக் கல்யாணம் வருது எலைஷா. உன் வீட்டுக்காரி இன்னும் ஏறுவாளா, சொல்லு.”

“என்னைக் கேட்டா? நான் அவளைக் கட்டிக்கிட்டவன், குறை சொல்வேனா?”

அவர் சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். ரம்பத்தூள் படிந்த நோட்டுகள்.

அப்போதுதான் லவ்டே உள்ளே வந்தாள். பெண்கள் சந்தைக்குள் வருவதில்லை. தலையில் தொப்பி இல்லை. கையில் துண்டுக் காகிதம். சபையில் வேதம் வாசிப்பதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“‘அக்கா, நேத்து எலைஷாவுக்கு எழுதினேன், யாரும் வரலை. பதினோரு பேர் உள்ளே. இன்னும் தட்டுறாங்க. பழைய பக்கச் சுரங்கம் வழியா நானே போறேன். இருட்டுறதுக்குள்ள நான்ஸையும் மரத்தையும் அனுப்பு. எலைஷாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயமா இருக்கு. நல்லா இருந்தா அவன் இப்படி விடமாட்டான். அவனைப் பார்த்துக்கோ.’”

நான்ஸ்தான் கேட்டார்:

“இது என்னிக்கு எழுதினதும்மா?”

“நேத்து.”

“நேத்து எழுதினதுல நேத்துன்னு இருந்தா…”

“சனிக்கிழமைண்ணே. இவர்தான் பிரிச்சார். பக்கத்துல நான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

நான்ஸ் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த பங்குப் பத்திரத்தை என் மேசைமேல் வைத்தார். “மச்சானுக்கு மரம் வேணுமான்னு உன்னைக் கேட்டேனே எலைஷா” என்றார். பிறகு வாசலுக்குப் போய், “கை உள்ளவனெல்லாம் வாங்கடா” என்று ஒரு சத்தம் போட்டார். இரண்டு நிமிஷத்தில் சந்தையில் நானும் லவ்டேயும்தான் இருந்தோம். அப்புறம் அவளும் அவர்களோடு போய்விட்டாள்.

அவர்கள் செவ்வாய் விடிகாலையில் போய்ச் சேர்ந்தார்கள். தட்டும் சத்தம் திங்கள் காலை வரை கேட்டதாம். அதற்குப் பிறகு இல்லை. ஜேபஸ் பக்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய அவர்களை எட்டிவிட்ட இடத்தில் கிடந்தான். எட்டு ஸ்வாசி ஆட்களின் பெயரைக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. ஜேபஸுக்குத் தெரியும்.

எனக்குக் கசப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஜேபஸ் இரண்டாவது கடிதத்தை அக்காவுக்கு எழுதினான். அதாவது என்னை நம்பவில்லை. என் தோளில் வளர்ந்தவன், ஒரு நாள்கூடப் பொறுக்காமல் என்னைத் தாண்டிப் போனான். லவ்டேயோ புறா கையில் இருந்தபோது, தம்பி உயிரோடு இருந்தபோது, சட்டம் பேசிச் சும்மா இருந்தாள். சட்டம் அவளுடையது, என்னுடையது அல்ல. எல்லாம் முடிந்த பிறகு, என் வியாபார நேரத்தில், நாலு பேர் முன்னால் பிரித்துப் படித்தாள். மேலே அவள் பெயர்தான் எழுதியிருந்தது, மறுக்கவில்லை. பெயரைப் பார்ப்பதற்கே அதை அவிழ்க்க வேண்டும் அல்லவா?

போன வாரம் மாற்றுச் சட்டை கொண்டுவந்து கம்பிக்கு வெளியே நின்றாள். நியாயத்தை அவளுக்கும் எடுத்துச் சொன்னேன்.

“ஞாயித்துக்கிழமையே நீ பிரிச்சிருந்தா ஜேபஸ் பொழைச்சிருப்பான், லவ்டே. யோசிச்சுப் பாரு.”

“தினமும் அதைத்தான் யோசிக்கிறேன்” என்றாள். சட்டையைக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குத் தெரியும். பதினொரு பேர் தட்டிக்கொண்டிருந்தது தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் புறா ஜேபஸுடையது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் பாடினேன், தெரிந்துதான் விற்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்னிடம் இருந்தவை இன்னும் நூற்றிருபது பங்குகள்தான். பதினொன்றரைக்குள் முடித்துவிட்டு நானே சபை மணியை அடித்து ஊரைக் கூட்டுவதாக இருந்தேன். அந்த ஒரு மணி நேரம் அவள் பொறுத்திருந்தால், அவர்களைக் காப்பாற்ற ஆள் அனுப்பியவன் என்று இந்த ஊர் இன்றைக்கு என்னைச் சொல்லியிருக்கும்.