பதம் இறக்காத உளி

தேய்ந்துபோன அரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. அதற்குள் நல்ல எஃகு இருக்கிறது. கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே அருமையான கடைசல் உளி செய்துகொள்ளலாம். இந்தக் கொட்டகையில் நீங்கள் பார்க்கிற உளிகள் எல்லாம் நான் அப்படிச் செய்தவைதான். யாரும் சொல்லித் தரவில்லை; கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். அந்த ஸ்டூல் வேண்டாம், காக்கி உடுப்பில் பிசின் ஒட்டும். இப்படி வந்து உட்காருங்கள்.

என் தங்கையின் கண் போன விஷயத்தைத்தானே விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அவள் கணவரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அவருக்கு வேலை போனதும் இருவரும் என் வீட்டோடு வந்துவிட்டார்கள். தங்கையை வளர்த்ததே நான்தான். வராதே என்று சொல்வேனா? பொழுது போகாமல் அவர் இங்கே வந்து உட்கார ஆரம்பித்தார். லேத்தில் மரம் கடையக் கற்றுக்கொண்டார். கை நன்றாகவே வந்தது. ஆனால் சாணைக்கல்லுக்கு நான் எண்ணெய் விடுவேன், அவர் துப்புவார். காறி, கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, நூல் மாதிரி இறக்குவார். இரும்புத் தூளும் எச்சிலும் குழைந்து கல்மேல் சளியாக நிற்கும். அதை விரலால் வழித்துத் தொடையில் தேய்ப்பார். என் மெல்லிய உளியால் காதைக் குடைந்து, வந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைப்பிடியில் துடைப்பார். அந்தக் கைப்பிடியை சோப்பு போட்டுக் கழுவினேன். உப்புத்தாளால் தேய்த்தேன். கடைசியில் அதை எரித்துவிட்டு வேறு கைப்பிடி போட்டேன். மறுநாள் அதிலும் பிசுபிசுப்பு.

தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு நேரே அவரிடமே போய்ச் சொன்னாள்.

“அக்கா கழுவுற கழுவுல கைரேகையே அழிஞ்சிடும் போல. இனிமே திருடப் போனாக்கூட மாட்ட மாட்டாங்க,” என்றார் அவர்.

“நீங்க சும்மா இருங்க. அவளுக்கு என் எச்சிலே ஆகாது. ஒரே டம்ளர்ல குடிக்க விட்டதில்ல,” என்றாள் இவள்.

சொல்லிக்கொண்டே அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். விளிம்பில் அவர் உதடு பட்ட ஈரம் காயவில்லை. சரியாக அந்த இடத்திலேயே வாய் வைத்தாள். அந்த டம்ளரை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

ஆகவே மாப்பிள்ளைக்கென்று தனியாக ஓர் உளி செய்தேன். அவருக்கென்று ஒன்று இருந்தால் என்னுடையதைத் தொட மாட்டார் இல்லையா? அரத்தை முதலில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும். அப்போதுதான் வேலைக்கு வளையும். பற்களைத் தேய்த்து எடுத்து, முனைக்கு வடிவம் கொடுத்து, காந்தம் ஒட்டாத அளவுக்கு மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். இப்போது அது கண்ணாடி. ஓர் இடி பட்டால் தெறித்துவிடும். அதனால் ரொட்டி சுடும் அடுப்பில் வைத்து, எஃகு வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை மெல்லச் சூடேற்றிப் பதத்தை இறக்க வேண்டும். அந்த ஒரு வேலையை மட்டும் நான் செய்யவில்லை. அவர் காதுக்குள் போய்வரப் போகிற சாமானை ரொட்டி சுடுகிற அடுப்பில் எப்படி அம்மா வைப்பது?

லேத்தில் முடிச்சு விழுந்த கட்டை ஒன்றை மாட்டி வைத்தேன்; சுற்றும்போது உளி முடிச்சில் இடிக்கும். முகத்துக்குப் போடும் கவசத்தைக் கழுவ எடுத்துப் போனேன். அதன் உள்பக்கம் முழுக்க அவர் மூச்சின் நாற்றம். உளி தெறித்து ஒரு காயம் பட்டால் பயந்து கொட்டகைப் பக்கம் வர மாட்டார், வீட்டை விட்டே போனாலும் போவார் என்று நினைத்தேன். தங்கை என்னோடு இருந்துகொள்வாள்.

நான் திரும்பி வந்தபோது லேத் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்றவள் தங்கை. எத்தனையோ தரம் நான் கூப்பிட்டும், தூசி என்று இந்த வாசற்படியைத் தாண்டாதவள். அவர் பின்னால் நின்று, எப்படி நிற்க வேண்டும் என்று அவள் இடுப்பைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் தாடையிலிருந்து வியர்வை அவள் தோளில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் உளியைத் தூக்கிக் காட்டினாள்.

“அக்கா, இதுதானே அந்தப் புது உளி? நான் பிடிச்சுப் பார்க்கட்டுமா?”

“பாரேன்,” என்றேன்.

கவசம் என் கையில்தான் இருந்தது. ஈரமாக இருந்ததால் கொடுக்கவில்லை.

நீங்கள் பையில் கொண்டுவந்திருக்கிற எஃகுத் துண்டு அவள் இடது கண்ணிலிருந்து எடுத்தது. மாப்பிள்ளைதான் சாணை பிடிக்கும்போது உளியைக் கெடுத்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாவம், அவரே அதை நம்பிவிட்டார். அழுதுகொண்டே வீட்டை விட்டுப் போனார். உடையும் என்று தெரிந்துதான் செய்தேன். யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது வீடு சுத்தமாக இருக்கிறது. தங்கைக்கு எல்லாம் நான்தான். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, கண்ணிருந்த குழியை நானே துடைத்து மருந்து போடுகிறேன். சீழைப் பார்த்தால்கூட எனக்கு அருவருப்பே வருவதில்லை. அவள்தான், என் விரல் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடம்பைச் சுருக்குகிறாள். வலியாக இருக்கும்.